நிதானியின் நெற்றிப்பொட்டு

மேலப்பேரி காவல் நிலையத்தில் ஆயுத பூஜை என்றால் செண்பகவல்லிக்குக் கொள்ளைப் பிரியம். சப்-இன்ஸ்பெக்டர் ஆன பிறகும் அந்த வேலையை அவள் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. ஜீப்புக்கு மாலை, கம்ப்யூட்டருக்குக் குங்குமம், லத்திகளை வரிசையாகச் சாத்தி வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் என்று ஒன்றையும் விடமாட்டாள். போன வருஷம் லாக்கப் பூட்டுக்குக்கூடப் பொட்டு வைத்து, உள்ளே இருந்தவனுக்கும் ஒரு கை பொரிகடலை கொடுத்தாள்.

இந்த வருஷம் வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. அதன் பெயர் நிதானி.

நிதானி யோசிக்கிற துப்பாக்கி. எடுத்தவுடன் சுடாது. குழலுக்கு மேலே மிளகு அளவில் ஒரு கண் இருக்கும். எதிரே நிற்பவரை அது பார்க்கும். ஆபத்தானவர் என்று முடிவு செய்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு பூட்டுத் திறந்து பச்சை விளக்கு எரியும். இல்லையென்றால் சிவப்புத்தான், யானை வந்து விசையை இழுத்தாலும் தோட்டா வெளியே வராது. போலீஸ்காரனின் கோபத்துக்கும் பயத்துக்கும் துப்பாக்கி கட்டுப்படக் கூடாது என்று ஊரெல்லாம் ஊர்வலம் போய், சட்டசபையில் மேஜையைத் தட்டி, டி.வி.யில் தொண்டை வறளக் கத்தி, கடைசியில் வந்து சேர்ந்த சீர்திருத்தம் அது. சோதனைக்காகச் சில ஊர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். மேலப்பேரிக்கு அந்த யோகம் அடித்தது.

கண் இருக்கிறது, அப்படியானால் கண்ணுக்கு மேலே நெற்றியும் இருக்கத்தானே வேண்டும். செண்பகவல்லி நிதானியின் நெற்றியைத் தேடி, கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி, நடுவில் குங்குமமும் வைத்தாள். கும்பிடும்போது, என் வேலையைக் காப்பாற்று தாயே என்றுதான் வேண்டிக்கொண்டாள். அவள் வேலைக்கு உலை வைத்ததே அந்தத் துப்பாக்கிதான் என்பதை அம்மன் கண்டுகொள்ளவில்லை போலிருக்கிறது.

நடந்தது இதுதான். சித்திரையில் கீழத்தெருக்காரர்கள் அம்மன் கொடைத் திருவிழா நடத்தினார்கள். சப்பரம் கடைவீதி வழியாக வர அனுமதி இருந்தது. கடைவீதியில் இருந்த தன் வீட்டு வாசல் வழியாக வரக்கூடாது என்று வாழை விவசாயிகள் சங்கத் தலைவர் சங்கரலிங்கம் குறுக்கே நின்றார். வெறுங்கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து இரண்டு வெடி வெடித்தார். கூட்டம் சிதறியது. செண்பகவல்லி நிதானியை உருவி அவருக்கு நேரே நீட்டினாள். அவர் மறுபடி தோட்டா போட்டுக் குழலைக் கூட்டத்தின் பக்கம் இறக்கிக்கொண்டிருந்தார். நிதானி அவரை நிதானமாகப் பார்த்தது. சிவப்பு.

அந்த நேரத்தில் சுடலைக்கண்ணு ஓடி வந்தான். அவன் கீழத்தெருக்காரன், தோப்பு தோப்பாகப் போய் வாழைத்தார் வெட்டுவது அவன் தொழில். வெடிச்சத்தம் கேட்டதும் கூட்டத்தில் இருந்த தன் மகளைத் தேடி, வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தான். அரிவாள் கையிலேயே இருந்தது. செண்பகவல்லி சத்தம் கேட்டுத் திரும்ப, நிதானியும் கூடவே திரும்பியது.

டிக். பச்சை.

அவள் சுடவில்லை. அவளுக்கு அவனைத் தெரியும். சங்கரலிங்கத்தை ஏட்டு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் துப்பாக்கியைப் பிடுங்கினார். சுடலைக்கண்ணு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. செண்பகவல்லி அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஆனால் நிதானி தான் பார்த்ததையெல்லாம் தலைமையகத்துக்குச் சொல்லிவிடும். கோள் சொல்வதில் அதற்கு நிகரில்லை. பூட்டுத் திறந்தும் அதிகாரி சுடவில்லை. இது கடமை தவறுதல். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அவளுக்கு மெமோ வந்தது. சுடலைக்கண்ணுவை ஆபத்தானவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். அவன் வாராவாரம் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், அரிவாளைத் தொடக்கூடாது. சங்கரலிங்கத்தின் லைசென்ஸ் விசாரணைக்குப் பின் அவரிடமே திரும்பி வந்தது. துப்பாக்கியே அவரை ஆபத்தானவர் என்று சொல்லவில்லையே.

முதல் வாரம் கையெழுத்துப் போட வந்தபோது சுடலைக்கண்ணு கேட்டான்: “வாழை வெட்டப் போறவன் அரிவாள் கொண்டு போவாம அகப்பையா கொண்டு போவேன், நீங்களே சொல்லுங்கம்மா.” அவள் கையெழுத்து நோட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அதற்குப் பிறகு அவன் மற்றவர்கள் வெட்டிய தாரைச் சுமக்கத்தான் போனான். பாதிக் கூலி.

நிதானியை எல்லா ஊருக்கும் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருந்தார்கள். அது ஊர் ஊராக வந்து மக்களிடம் கருத்துக் கேட்டது. விஜயதசமிக்கு மறுநாள் மேலப்பேரி முறை. இடம், கடைவீதிக் கல்யாண மண்டபம். மேடையில் மணமக்கள் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி மீனலோசனி உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தொட்டவர், கண்ணாடிக்கு மேலே கண்ணை உயர்த்திப் பார்த்தால் வக்கீல்களே வாக்கியத்தை விழுங்குவார்கள் என்று பேச்சு. அவர் ஒரு விதி வைத்திருந்தார். கூட்டத்துக்கு யாரும் சீருடையில் வரக்கூடாது. காக்கியைப் பார்த்தால் ஜனங்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் செண்பகவல்லி சாதாரண வாயில் சேலையில், கொண்டையை அவிழ்த்துப் பின்னலிட்டு வந்திருந்தாள். மெமோ பற்றிய முடிவையும் அன்றைக்கே சொல்லிவிடுவதாக நீதிபதி தெரிவித்திருந்தார்.

காரசாரமாகத்தான் பேசினார்கள். போலீஸ் கையில் துப்பாக்கியே கூடாது என்றார் ஒருவர். துப்பாக்கி இல்லாத போலீசை யார் மதிப்பார்கள் என்றார் இன்னொருவர். விவசாயிகளின் துப்பாக்கிகளையும் இதே மாதிரி யோசிக்கிற துப்பாக்கியாக மாற்றப் போகிறார்கள் என்ற வதந்தியில் சங்கரலிங்கம் கொதித்துப் போயிருந்தார். “பன்னி வந்து வாழையில நிக்கையில துப்பாக்கி யோசிச்சிக்கிட்டு இருந்தா, அம்மா, நாங்க அடுத்த வருஷம் பன்னியத்தான் சந்தைக்கு ஓட்டிட்டுப் போவணும்” என்றார். மண்டபம் சிரித்தது. கீழத்தெருவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, எங்கள் பிள்ளைகளைப் பார்த்தால் மட்டும் அது ஏன் யோசிப்பதில்லை என்று கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

பதில் சொல்ல நிதானியைச் செய்த கம்பெனியிலிருந்து பிரணதி வந்திருந்தாள். சென்னைப் பெண். முப்பதுகூட இருக்காது. கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லாத முகம். “நிதானி ஜாதி பாக்காதுங்க. மதம் பாக்காது. அப்படி ஒண்ணு இருக்குன்னே நாங்க அதுக்குச் சொல்லிக் குடுக்கல” என்றாள். வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல் என்று நிதானியைப் பெட்டியிலிருந்து எடுத்து, தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு, மேடையில் ஒரு தாங்கியில் பொருத்தினாள். அதன் மேலெல்லாம் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. துடைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, பூஜைப் பொட்டை அழித்தால் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று அப்படியே விட்டாள்.

முதலில் சங்கரலிங்கமே முன்வந்தார். வீட்டிலிருந்து வரவழைத்த தன் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் தோளுக்கு உயர்த்தி மேடையைக் குறி வைத்தார். கொடை நாளின் கோபம் மிச்சம் இருந்ததோ என்னவோ, தொண்டை கிழிய ஒரு சத்தமும் போட்டார்.

டிக். பச்சை.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்து சுடலைக்கண்ணுவை அழைத்தார்கள். அன்றைக்கு வந்த மாதிரியே ஓடி வரச் சொன்னார்கள். நீதிபதியின் அனுமதியோடு, பல மாதத்துக்குப் பிறகு அவன் அரிவாளைக் கையில் எடுத்தான். முகத்தில் பயம் அப்பியிருந்தது. ஓடினான். சிவப்பு. மேடை வரைக்கும் வந்து நின்றான். சிவப்புத்தான்.

கீழத்தெருக்காரர்கள் எழுந்து கை தட்டினார்கள். பிரணதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செண்பகவல்லிக்கும்தான், தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நீதிபதி பேனாவை மூடினார். “சோதனை திருப்தியா இருக்கு. சுடலைக்கண்ணு பெயரைப் பட்டியல்லேருந்து எடுக்கச் சொல்றேன். எஸ்.ஐ. மேல இருக்கற மெமோவையும் முடிச்சுடலாம். கொடை அன்னிக்குக் கருவியில ஏதோ சின்னக் கோளாறுன்னு வெச்சுக்கலாம். நிதானி எல்லா ஊருக்கும் போகட்டும்.”

எல்லோருக்கும் எல்லாமும் கிடைத்துவிட்டது. செண்பகவல்லி கும்பிடக் கையெடுத்தாள். கும்பிட்ட கைகளுக்கு மேலே, மேடையிலிருந்த நிதானி தெரிந்தது. அதன் நெற்றி தெரிந்தது. நெற்றி என்று நினைத்து அவள் வைத்த பொட்டு, நெற்றியில் இல்லை. கண்ணின் மேலேயே இருந்தது. காய்ந்து ஒட்டிக்கொண்டு, மிளகளவுக் கண்ணை முழுவதுமாக மூடியிருந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். சும்மா இருந்தால் போதும். வேலை மிஞ்சும். சுடலைக்கண்ணு நாளைக்கே வாழைக்குப் போகலாம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று மனது சொன்னது. அதே மனது, எல்லா ஊருக்கும் போகிற நிதானிகளுக்கு யார் பொட்டு வைப்பார்கள் என்றும் கேட்டது. அந்த ஊர்களிலும் கீழத்தெரு இருக்கும். அங்கே துப்பாக்கி பிடிக்கிறவருக்கு எதிரே வருகிறவனைத் தெரிந்திருக்கும் என்று என்ன நிச்சயம்? அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. எழுந்து நின்றாள்.

“அம்மா, அதுக்குக் கண்ணு தெரியல” என்றாள்.

மேடைக்குப் போய், ஆயுத பூஜையில் தான் செய்த காரியத்தைச் சொன்னாள். பிரணதி குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

நீதிபதி கேட்டார்: “கண்ணு மூடியிருந்தா எப்படிம்மா வேலை செஞ்சுது?”

“புகை, தூசி மாதிரி சமயத்துக்காக ஒரு ஏற்பாடு இருக்குங்க மேடம். கண்ணு மறைஞ்சா காதையும், அசைவைப் பிடிக்கற ரேடாரையும் வெச்சு முடிவு பண்ணும். எதிர்ல இருக்கறவர் ஆயுதத்தை எங்க குறி வெக்கறாரு, குரல் எப்படி இருக்கு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.”

“ஆள் யாருன்னு?”

“தெரியாதுங்க.”

நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “கண்ணு திறந்திருந்தா?”

கண் திறந்திருந்தால் கண்ணையே பெரிதும் நம்பும் என்றாள் பிரணதி. அதற்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது எப்படி என்று நீதிபதி கேட்டார். பழைய வழக்குகளின் படங்களை வைத்துத்தான். முப்பது வருஷமாகப் போலீஸ் பிடித்தவர்கள் எல்லோருடைய படமும் அதில் உண்டு என்றாள்.

“பிடிபட்டவங்க படமா, தப்பு செஞ்சவங்க படமா?”

“பிடிபட்டவங்க படம்ங்க” என்றாள் பிரணதி.

செண்பகவல்லி முந்தானையை எச்சிலில் நனைத்து, பொட்டைத் துடைத்தாள். கறுப்பாகக் கண் பளிச்சென்று தெரிந்தது. சங்கரலிங்கம் மறுபடி முன்னால் போய்த் துப்பாக்கியை உயர்த்தினார். இந்த முறை இன்னும் பலமாகக் கத்தினார். சிவப்பு. சுடலைக்கண்ணு நடந்து வந்தான். ஓடக்கூட இல்லை. அரிவாள் அக்குளில் இருந்தது.

டிக்.

சுடலைக்கண்ணு அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் முகத்திலிருந்த சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

பிரணதி விடவில்லை. அவளுக்கும் அது பெற்ற பிள்ளை மாதிரி. இவர் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது, அதனால் முகத்தை ஞாபகம் வைத்துத் திறந்திருக்கலாம். எந்த வழக்கும் இல்லாத, பட்டியலில் இல்லாத ஒருவர் அரிவாளோடு நின்றால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்றாள். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. யார் வருகிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். கீழத்தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோட்டா இல்லை என்று தெரிந்தாலும், அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் நிற்க யாருக்கு மனசு வரும்? பட்டியலில் புதிதாக ஒரு பெயர் ஏறினால் யார் இறக்கி வைப்பது?

செண்பகவல்லி சுடலைக்கண்ணுவிடம் போய், “அதைக் கொடு” என்று அரிவாளை வாங்கிக்கொண்டாள். வள்ளியூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைத் தெருவில் பிறந்தவள் அவள். அவள் அம்மா விறகு வெட்டப் போகும்போது அரிவாளைத் தோளில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு போவாள். அப்படியே மாட்டிக்கொண்டாள். மண்டபத்தின் வாசலுக்குப் போய்த் திரும்பி, மேடையைப் பார்த்து நடந்தாள். இத்தனை மாதமும் அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். முன்னால் நின்றது இல்லை. பதினைந்து வருஷச் சர்வீஸ், ஒரு கறை இல்லை, ஒரு வழக்கு இல்லை.

பாதி தூரம்கூட வரவில்லை.

டிக்.

அவள் அப்படியே நின்றாள். சின்ன வயதில் சூளைத் தெருவுக்குள் போலீஸ் ஜீப் வரும்போது வருமே, அதே பயம். காக்கி போட்ட நாளிலிருந்து அது போய்விட்டது என்று நினைத்திருந்தாள்.

சுடலைக்கண்ணுதான் முதலில் பேசினான். கேலியாகச் சொன்னானா, ஆறுதலாகச் சொன்னானா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. “வாங்கம்மா” என்றான். “வந்து இங்கன நில்லுங்க. நீங்க நம்ம பக்கந்தான்னு அதே சொல்லிட்டுது.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீரும் வந்தது. அவனும் சிரித்தான். போய் அவன் பக்கத்தில் நின்றாள். மேடையில் பச்சை விளக்கு இரண்டு பேரையும் பார்த்து எரிந்துகொண்டே இருந்தது. பிரணதி எழுந்து வந்து, யாரும் சொல்லாமலே அதை அணைத்தாள். “மன்னிச்சுக்குங்க” என்று மட்டும் சொன்னாள். அதை மேடையைப் பார்த்துச் சொல்லவில்லை, அவர்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்.

நீதிபதி மூடிய பேனாவை மறுபடி திறந்தார். செண்பகவல்லியைக் கூப்பிட்டு, மெமோவில் இருந்த கேள்வியையே கேட்டார். கொடை அன்றைக்குப் பச்சை எரிந்தும் ஏன் சுடவில்லை?

“எனக்கு அவனைத் தெரியும்மா. அவன் மகள் பேர் தெரியும். அதுக்குத் தெரியாது.”

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

குழுவின் அறிக்கை பொங்கலுக்குப் பிறகு வந்தது. நிதானிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மெமோ ரத்தானது. சுடலைக்கண்ணுவின் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சுடாததற்கு விளக்கம் கேட்கும் விதியைத் தலைகீழாகத் திருப்பி, இனிமேல் சுட்டவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்று மாற்றினார்கள். கொடையில் கூட்டத்தை நோக்கிக் குழலை இறக்கியதற்காகச் சங்கரலிங்கத்தின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். பன்றிக்கு வேலி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர் ஊரெல்லாம் திட்டிக்கொண்டே வேலி போட்டார். உலகம் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. டி.வி.யில் தொண்டை வறளக் கத்துகிறவர்கள் இன்னமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரணதி அந்தக் கம்பெனியை விட்டுவிட்டதாகக் கேள்வி.

அடுத்த ஆயுத பூஜைக்குச் செண்பகவல்லி வழக்கம்போல விடியற்காலையே வந்துவிட்டாள். ஜீப், கம்ப்யூட்டர், லத்திகள், லாக்கப் பூட்டு. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்தபோது வாசலில் கட்ட வாழை மரம் இன்னும் வரவில்லை என்று ஏட்டு முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் சுடலைக்கண்ணு வந்தான். தோளில் குலையோடு இரண்டு வாழைமரம். வாசலில் நட்டு, கயிறு கட்டி, நீட்டிக்கொண்டிருந்த இலைகளைச் சீவினான். பிறகு பொரிகடலை வாங்கிக்கொள்ள ஸ்டேஷனுக்குள் வந்தான்.

கையில் அரிவாள் இருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செண்பகவல்லி மட்டும் பார்த்தாள். அந்த அரிவாளை வாங்கி, வரிசையின் கடைசியில் லத்திகளுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பொட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.